யுரேனியத்துக்கு எத்தனை பிள்ளை? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மின்சாரக் கட்டணம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, அணுமின் நிலையத்தில் யுரேனியம் "எரிவதில்லை, உடைகிறது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு பக்கமிருந்தும் கடிதங்கள். பாதிப்பேர் கேட்டது ஒன்றுதான்: உடைந்தால் மறுகா அது என்னவாகும்? சரி, காணி உறுதிக் கேள்விகளும் தலைமுடி உதிர்கிற கேள்விகளும் ஒரு மாதம் பொறுத்திருக்கட்டும். நான் இருபத்தைந்து வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன், இப்படி ஒரு சந்தர்ப்பத்தை விடுவேனா?

யுரேனியம்-235 ஒரு நியூத்திரனை வாங்கி உடையும்போது பேரியமும் கிரிப்தனும் வரும் என்று எங்கள் டியூசன் குறிப்பில் இருக்கிறது. வேறொரு பயிற்சித் தாளில் செனனும் ஸ்ரொன்சியமும் என்று இருக்கிறது. இரண்டில் எது சரி? சோதனையில் எதை எழுதுவது?
– உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி

இரண்டும் சரி மகள். மூன்றாவதாக ஒன்றை நீங்களே எழுதினாலும், கணக்கு ஒத்துவந்தால் அதுவும் சரியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

நம்மூர் எருமைத் தயிர்ச் சட்டியை யோசித்துப் பாருங்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோகிற சட்டி கைநழுவி விழுந்தால் உடையும், அதில் சந்தேகமில்லை, ஆனால் போன கிழமை விழுந்த சட்டி உடைந்த கோட்டிலேயே இந்தக் கிழமை விழுந்ததும் உடைய வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. யுரேனியக் கருவும் அப்படித்தான். 92 புரோத்தன், 143 நியூத்திரன், ஆக 235 துணிக்கை உள்ள கரு, வெளியிலிருந்து வரும் ஒரு நியூத்திரனை விழுங்கி 236 ஆகிறது. நிலைகொள்ளாமல் துடிக்கிறது, தண்ணீர்த்துளி மாதிரி நீண்டு, நடுவில் இடுப்பு ஒடுங்கி, இரண்டு துண்டாகப் பிய்ந்து போகிறது. கூடவே இரண்டு மூன்று நியூத்திரன் தனியாகச் சிதறும். சராசரி 2.4.

எப்படி உடைந்தாலும் புரோத்தன் கணக்கு மட்டும் தப்பாது. பேரியம் 56, கிரிப்தன் 36, கூட்டுங்கள், 92. செனன் 54, ஸ்ரொன்சியம் 38, அதுவும் 92. சீசியம் 55 என்றால் அதன் சோடி ருபீடியம் 37. அயடீன் 53 என்றால் இத்திரியம் 39. ஒரு துண்டின் பெயர் தெரிந்தால் மற்றத் துண்டு யாரென்று ஆவர்த்தன அட்டவணையைப் பார்த்தே சொல்லிவிடலாம், பொழுதுபோகாத நேரத்தில் செய்து பாருங்கள். திணிவெண்ணும் (புரோத்தனும் நியூத்திரனும் சேர்ந்த மொத்தம்) அதேபோல: பேரியம்-141, கிரிப்தன்-92, மூன்று நியூத்திரன், மொத்தம் 236. செனன்-140, ஸ்ரொன்சியம்-94, இரண்டு நியூத்திரன், அதுவும் 236. சோதனையில் உங்களிடம் பார்ப்பது இந்தக் கூட்டல் சரியா என்பதைத்தான்.

உண்மையில் பிளவில் பிறக்கும் மூலகங்கள் முப்பதுக்கும் மேல். சமதானிகளாக, அதாவது ஒரே மூலகத்தில் நியூத்திரன் எண்ணிக்கை மட்டும் வேறுபடும் வகைகளாக, எண்ணினால் பல நூறு. உங்கள் குறிப்பிலுள்ள பேரியம்-141, கிரிப்தன்-92 சோடி நூறு பிளவில் ஒன்றிரண்டுக்கு மேல் வராது. பிறகேன் எல்லாப் புத்தகத்திலும் அதே சோடி? பேரியம்தான் முதலில் பிடிபட்டது என்பதால் என்று நினைக்கிறேன்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1938 டிசம்பர், பேர்லின். ஒட்டோ ஹானும் பிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தின் மீது நியூத்திரனைப் பாய்ச்சிவிட்டு, என்ன உண்டாகியிருக்கிறது என்று இரசாயன முறையில் பிரித்துப் பார்க்கிறார்கள். ரேடியம் கிடைத்திருக்கும் என்பது அவர்கள் எண்ணம். ரேடியமும் பேரியமும் அட்டவணையில் ஒரே நிரலில் உள்ள சொந்தக்காரர், இரசாயன நடத்தை ஒன்றுபோல இருக்கும். ஆனால் அந்த "ரேடியத்தை" பேரியத்திலிருந்து பிரிக்க என்ன செய்தும் முடியவில்லை. முடியாதுதானே, அது பேரியமேதான்! 92ஆம் இலக்கத்திலிருந்து 56ஆம் இலக்கம் எப்படி வரும் என்று ஹானுக்குத் தலை சுற்றியது. அதே வருடம் யூலையில் நாசிகளுக்குத் தப்பி ஜேர்மனியை விட்டு ஓடிய தன் பழைய கூட்டாளி லிசே மைட்னருக்குக் கடிதம் போட்டார். அந்த அம்மா சுவீடனில், நத்தார் விடுமுறைக்கு வந்த தன் சகோதரியின் மகன் ஒட்டோ பிரிஷுடன் பனியில் நடந்தபடி, கையில் கிடைத்த தாளில் கணக்குப் போட்டு, கரு இரண்டாகப் பிளந்திருக்கிறது, இரண்டு துண்டையும் சேர்த்து நிறுத்தால் முன்பிருந்ததைவிட ஒரு புரோத்தனின் ஐந்தில் ஒரு பங்கு திணிவு குறையும், அந்தக் குறைதான் 200 மில்லியன் இலத்திரன்வோல்ற் (அணு அளவில் சக்தியை அளக்கும் சின்ன அலகு) சக்தியாக வெளிவருகிறது என்று கண்டார். நிலக்கரியில் ஒரு காபன் அணு எரிந்தால் வருவது 4 இலத்திரன்வோல்ற். எத்தனை மடங்கு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் போனது. மைட்னருக்கு இல்லை. எனக்கு இன்றைக்கும் அது ஒரு குறைதான்.

இன்னும் முடியவில்லை மகள். பேரியமும் கிரிப்தனும் கூட கடைசி விடை இல்லை. யுரேனியத்தில் ஒரு புரோத்தனுக்கு ஒன்றரைக்கும் மேல் நியூத்திரன். பேரியம் அளவுள்ள ஒரு கருவுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆகவே பிறக்கும் துண்டுகளில் நியூத்திரன் அதிகம், வயிறு நிறையச் சாப்பிட்டவன் மாதிரி நெளிந்துகொண்டே இருக்கும். ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறும், ஓர் இலத்திரன் வெளியே பாயும், இதுதான் பீற்றாத் தேய்வு. திணிவெண் அப்படியே நிற்க, அணுவெண், அதாவது புரோத்தன் எண்ணிக்கை, ஒன்று கூடும். ஒன்று கூடினால் பெயரே மாறிவிடுமே! பேரியம்-141 ஏறத்தாழ 18 நிமிட அரைவாழ்வில் (இருப்பதில் பாதி மாற எடுக்கும் நேரம்) இலந்தனம்-141 ஆகும், அது 4 மணித்தியாலக் கணக்கில் சீரியம்-141, அது 32 நாள் கணக்கில் பிரசியோடைமியம்-141. அங்கே போய் அமைதி, இனி மாறாது. கிரிப்தன்-92க்கு இன்னும் அவசரம். 2 செக்கனுக்குள் பாதி ருபீடியம் ஆகிவிடும், ருபீடியம் 4, 5 செக்கனில் ஸ்ரொன்சியம், அது இரண்டே முக்கால் மணித்தியாலக் கணக்கில் இத்திரியம், அது மூன்றரை மணித்தியாலக் கணக்கில் சிர்க்கோனியம்-92. முடிந்தது.

இதை வகுப்பில் சொல்லும்போது நான் நம் மாவட்டத்துக் குடிமுறையைத்தான் உதாரணம் காட்டுவேன். நமக்குக் குடி தாய்வழி. அம்மா காலிங்க குடி என்றால் மகளும் அதே குடி, பேத்தியும் அதே குடி. தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறும், குடி மாறாது. இங்கே திணிவெண்தான் குடி. 141ஆம் குடியில் பேரியம் பெற்ற மகள் இலந்தனம், இலந்தனம் பெற்ற மகள் சீரியம், சீரியம் பெற்ற மகள் பிரசியோடைமியம், நாலு பேரும் 141. விஞ்ஞானிகளும் தாய்க்கரு, மகட்கரு என்றுதான் சொல்கிறார்கள், மகன்கரு என்று யாரும் சொல்வதில்லை. நம் ஆட்கள் போய்ப் பெயர் வைத்த மாதிரி இருக்கிறது.

ஒரு கருவை இரண்டாக உடைத்தால் சரிபாதியாகத்தானே உடைய வேண்டும்? 118, 118 என்று வராமல் ஏன் ஒன்று பெரிது, ஒன்று சிறிது?
– விவசாயி, சம்மாந்துறை

கண்டத்து நெல்லை அரைவாசி அரைவாசியாகப் பங்கு போட்ட கைக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. நீங்கள் நினைக்கிற மாதிரி சரிபாதியாக உடைவதும் உண்டு தம்பி, ஆனால் மிக அருமை. ஒரு துண்டு 95 பக்கத்திலும் மற்றது 138 பக்கத்திலும் விழுவதே வழக்கம். வரைபடம் கீறினால் ஒட்டக முதுகு மாதிரி இரண்டு திமில், நடுவில் பள்ளம். திமிலின் உச்சியில் ஒரு திணிவெண்ணுக்கு நூற்றுக்கு 6 வீதம் விழுந்தால், பள்ளத்தின் அடியில் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவுதான்.

காரணம், கரு வெறும் தண்ணீர்த்துளி மட்டும் இல்லை. உள்ளே புரோத்தனும் நியூத்திரனும் அடுக்கடுக்காக ஓடுகளில் நிரம்புகின்றன. சில எண்களில் அடுக்கு நிரம்பி முழுமையாகும், 50, 82 அப்படியான எண்கள். பெரிய துண்டு அந்த முழுமைக்குக் கிட்ட நிற்கப் பார்க்கிறது, மிச்சம் எல்லாம் சின்னவனுக்கு. இதற்கு நல்ல சாட்சி புளுத்தோனியம். அது யுரேனியத்தைவிடக் கனம், ஆனாலும் உடைந்தால் பெரிய துண்டு கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கும், கூடுதல் திணிவை வாங்கிக்கொண்டு நகர்வது சின்னத் துண்டுதான். ஓடுகளின் விளையாட்டு இதைவிடச் சிக்கலானது. ஆய்வாளர்கள் இன்னும் அதைத் தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உடைந்த யுரேனியத்தில் தங்கம் கிடைக்குமா?
– நகைக்கடைக்காரர், காத்தான்குடி

கிடைக்காது காக்கா. தங்கம் 197, யுரேனியத் துண்டுகள் அந்த உயரத்துக்கு வருவதில்லை. வெள்ளி கொஞ்சம் வரும். பலேடியம், ரோடியம், ருதேனியம் இன்னும் நன்றாகவே வரும், உலையிலிருந்து எடுத்த எரிபொருள் ஒரு தொன்னில் மூன்றும் சேர்ந்து சில கிலோ தேறும். ரோடியத்தின் சந்தை விலை உங்களுக்குத் தெரியும், கை துறுதுறுக்கும். ஆனால் அந்தத் தொன்னுக்குப் பக்கத்தில் போய் நிற்கவே முடியாது, பிரித்தெடுத்தாலும் பலேடியத்தில் ஒரு பங்கு 65 இலட்சம் வருட அரைவாழ்வுள்ள கதிர்த்தொழிற்பாட்டுச் சமதானி. அதில் மோதிரம் செய்து யாருக்குப் போடுவது?

என் ராத்தாவுக்குத் தைரொயிட் வருத்தத்துக்குக் கதிரியக்க அயடீன் கொடுத்தார்கள். அதற்கு முன் ஏதோ ஊசி போட்டு ஸ்கானும் எடுத்தார்கள். இதெல்லாம் அணுகுண்டில் வருகிற சாமான் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
– ஒரு தங்கை, ஏறாவூர்

பக்கத்து வீட்டார் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது பயமாக இருக்கிறது. அயடீன்-131 யுரேனியப் பிளவில் பிறக்கிற பிள்ளைதான். அணுகுண்டிலும் வரும், உலையிலும் வரும். மருத்துவத்துக்கு எடுப்பது இப்போது பெரும்பாலும் வேறு வழி: தெல்லூரியத்தை உலைக்குள் வைத்து நியூத்திரன் படவிட்டால் அதுவே அயடீன்-131 ஆகும். இரண்டு வழியில் வந்தாலும் பொருள் ஒன்றுதான். அரைவாழ்வு 8 நாள். எண்பது நாளில் பத்து முறை பாதியாகி, ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும், மாறியதெல்லாம் செனன்-131, அது ஒரு தீங்கும் செய்யாத வாயு. உடம்பு சிறுநீரில் வெளியே தள்ளுவதையும் சேர்த்தால் அதைவிட வேகமாகக் குறையும்.

அயடீனை ஏன் தெரிந்தெடுத்தார்கள் என்றால், உடம்பில் அதை மிக அதிகமாகத் தேடித்தேடிச் சேர்க்கிற இடம் தைரொயிட் சுரப்பி. மருந்து தானாகவே போய்ச் சேர வேண்டிய வீட்டுக் கதவைத் தட்டும். செர்னோபிலில் 1986இல் உலை வெடித்தபோது இதே குணம்தான் வினையானது. புல்லில் படிந்த அயடீனை மாடு தின்றது, பாலில் வந்தது, பாலைக் குடித்த சின்னப் பிள்ளைகளின் தைரொயிட்டில் போய் அமர்ந்தது. பொருள் ஒன்று, ஓரிடத்தில் அளந்து கொடுத்த மருந்து, இன்னோரிடத்தில் அளவில்லாமல் வந்த நஞ்சு.

ஸ்கானுக்குப் போட்ட ஊசி பெரும்பாலும் தெக்னீசியமாக இருக்கும். இதுதான் நேரடியாக யுரேனியத்தின் பேத்தி. பிளவில் மொலிப்டினம்-99 பிறக்கிறது, நூறு பிளவுக்கு ஆறு அளவில். அதன் அரைவாழ்வு 66 மணித்தியாலம் என்பதால் ஈயப் பெட்டிக்குள் வைத்து விமானத்தில் அனுப்ப நேரம் போதும். ஆஸ்பத்திரியில் அந்தப் பெட்டிக்குள் மொலிப்டினம் மெல்லமெல்லத் தெக்னீசியமாக மாறிக்கொண்டே இருக்க, தேவையான நேரத்தில் உப்புநீர் விட்டு அதை மட்டும் கழுவி எடுப்பார்கள். இதை அவர்கள் "பசுவைக் கறப்பது" என்றுதான் சொல்வார்களாம், கறந்த பிறகு விட்டால் மறுநாள் மடி மறுபடி சுரந்திருக்கும். கறந்த தெக்னீசியத்துக்கு ஆறு மணித்தியாலத்தில் பாதி போய்விடும்.

ராத்தா செய்ய வேண்டியது ஒன்றுதான், சின்னப் பிள்ளைகளிடமிருந்தும் வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்களிடமிருந்தும் எத்தனை நாள் தள்ளியிருக்கச் சொன்னார்களோ அத்தனை நாள் தள்ளியிருப்பது. பக்கத்து வீட்டுக்குப் பதில் சொல்லும் வேலையை இந்தப் பக்கத்திடம் விட்டுவிடுங்கள் தங்கச்சி.

2004 சுனாமியில் எங்கள் வாடியும் தோணியும் போனது. அதனால் 2011இல் யப்பான் சுனாமியை ரீவியில் பார்த்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை. நில அதிர்வு வந்த உடனேயே அணு உலையை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். நிறுத்திய உலை பிறகு ஏன் வெடிக்கும்? அடுப்பை அணைத்தால் அணைந்ததுதானே?
– கடற்றொழிலாளி, திருக்கோவில்

ஐயா, வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது உங்களுடையதுதான். அடுப்பு உதாரணத்தையே எடுப்போம். விறகை வெளியே இழுத்துவிட்டால் சுவாலை நிற்கும், ஆனால் தணல்? அணு உலையில் தணல் என்பது உடைந்த துண்டுகள்தான்.

நில அதிர்வு வந்ததும் புகுஷிமாவில் கட்டுப்பாட்டுக் கோல்கள் உள்ளே போயின, புதிதாக யுரேனியம் உடைவது நின்றது. அதுவரை உடைந்த துண்டுகள் எரிபொருளுக்குள்ளேயே இருக்கின்றனவே. களுவாஞ்சிக்குடி மகளுக்குச் சொன்ன அந்தக் குடி வரிசை, பேரியம் இலந்தனமாகி, இலந்தனம் சீரியமாகி என்பது, யாருடைய ஆளியையும் கேட்டு நடப்பதில்லை. ஒவ்வொரு மாற்றமும் கொஞ்சம் வெப்பம். நிறுத்திய கணத்தில் அது முழு வலுவில் 6, 7 வீதம் இருக்கும். ஒரு மணித்தியாலத்தில் ஒன்றரை வீதத்துக்குக் கிட்ட இறங்கும், ஒரு நாளில் அரை வீதமளவு. அரை வீதம்தானே என்று நினைக்காதீர்கள். கூடங்குளத்தில் உள்ள மாதிரி ஓர் உலை உண்டாக்கும் வெப்பம் 3,000 மெகாவாட். அதில் அரை வீதம் 15 மெகாவாட். நம் இங்கினியாகலை நீர்மின் நிலையம் முழுதாக ஓடினால் தருவது 11 மெகாவாட்டை ஒட்டித்தான். நிறுத்தி ஒரு நாள் ஆன உலை, ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே, இங்கினியாகலையைவிட அதிக வலுவை வெப்பமாக விட்டுக்கொண்டிருக்கிறது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் பயமில்லை. சுனாமி வந்து டீசல் ஜெனரேற்றர்களை மூழ்கடித்தது, பம்பிகள் நின்றன, தண்ணீர் வற்றியது.

பிறகு நடந்தது இன்னொரு கொடுமை. எரிபொருளைச் சுற்றியுள்ள குழாய் சிர்க்கோனியம் கலந்த உலோகம், கடுமையாகச் சூடேறினால் நீராவியிலுள்ள ஒட்சிசனைப் பிடுங்கிக்கொண்டு ஐதரசனை விட்டுவிடும். கட்டடத்தின் மேற்பகுதியை வெடிக்க வைத்தது அந்த ஐதரசன்தான், குண்டு மாதிரி யுரேனியம் வெடித்ததில்லை. 1, 2, 3ஆம் உலைகளில் எரிபொருள் உருகியது. வெளியே போனவற்றில் அயடீன்-131 சில மாதங்களில் இல்லாமல் போய்விட்டது, இன்னும் தொல்லை கொடுப்பது சீசியம்-137. அரைவாழ்வு 30 வருடம், பொட்டாசியத்தின் சொந்தக்காரன் என்பதால் மண்ணிலும் மீனிலும் தசையிலும் பொட்டாசியம் போகிற வழியெல்லாம் போகும். ஸ்ரொன்சியம்-90 கல்சியத்தின் உறவு, அது எலும்புக்குப் போகும். செக்கனில் மறைகிறவை மறைந்தே விடும், இலட்சக்கணக்கான வருடம் இருக்கிறவை மெதுவாகத்தான் கதிரை விடும், நம்மை வருத்துவது நடுவில் உள்ள இந்த ஒரு மனித ஆயுள் கணக்குக்காரர்தான்.

உலையை நடத்துகிறவர்களையே ஏமாற்றுகிற துண்டும் ஒன்று உண்டு, செனன்-135. நியூத்திரனை விழுங்குவதில் அதற்கு நிகர் இல்லை. 1944 செப்டெம்பரில் அமெரிக்காவின் ஹான்போர்ட்டில் முதல் பெரிய உலையைத் தொடக்கிச் சில மணித்தியாலம் ஓடவிட்டதும், யாரும் தொடாமலே வலு இறங்கி இறங்கி நின்றுவிட்டது, பிறகு தானாகவே உயிர்த்தது, மறுபடி நின்றது. பேய் பிடித்தது என்று பூசாரியைக் கூப்பிடாதது ஒன்றுதான் குறை! கடைசியில் பார்த்தால் அயடீன்-135 பெற்ற செனன், 9 மணித்தியால அரைவாழ்வு. அது பெருகினால் உலை மூச்சுத் திணறும், தேய்ந்தால் மீளும். நல்ல காலம், உலையைக் கட்டியவர்கள் தேவைக்கு மேலேயே எரிபொருள் குழாய்களுக்கு இடம் விட்டிருந்தார்கள், அவற்றை நிரப்பிச் சமாளித்தார்கள்.

யுரேனியம்-238 உடையாதா?
– வாழைச்சேனை

மெதுவான நியூத்திரனுக்கு உடையாது, வேகமானது அடித்தால் உடையும். இயற்கை யுரேனியத்தில் 99.3 வீதம் அதுதான், 235 வெறும் 0.7. உலைக்குள் 238 பெரும்பாலும் நியூத்திரனை விழுங்கி வைத்துக்கொள்ளும், 239 ஆகும், 23 நிமிடக் கணக்கில் நெப்டியூனியம், இரண்டு நாள் சொச்சத்தில் புளுத்தோனியம்-239. அதன் அரைவாழ்வு 24,000 வருடம், அதுவும் உடையக்கூடியது. உலையிலிருந்து வெளியே எடுக்கும் எரிபொருளில் நூற்றுக்கு 95 பங்கு இன்னும் யுரேனியமாகவே கிடக்கும், புளுத்தோனியம் ஒரு பங்கு, உடைந்த துண்டுகள் மூன்று நாலு பங்குதான். அவ்வளவு கதையும் அந்த மூன்று நாலு பங்கைப் பற்றித்தான்.

இலங்கையில் யுரேனியம் இருக்கிறதா? இந்த உடைவு நம் மண்ணில் எங்காவது நடக்கிறதா?
– ஆசிரியர், பொத்துவில்

இரண்டாவது கேள்வியைத் தட்டச்சுப் பிழையாக இருக்குமோ என்று நினைத்தேன். இல்லை, கேட்டுத்தான் இருக்கிறீர்கள், அதற்கு விடையும் "ஆம்" என்பதுதான் சேர்.

முதலாவதற்கு: தோண்டி எடுத்து விற்கிற அளவில் இங்கே யுரேனியச் சுரங்கம் ஒன்றும் இல்லை. ஆனால் உலகத்துக்கு ஒரு கனிமத்தைக் கொடுத்திருக்கிறோம். 1904இல் சபரகமுவைப் பக்கத்தில் கிடைத்த கறுப்புக் கனசதுரக் கற்களை முதன்முதலில் விவரித்தவர் ஆனந்த குமாரசுவாமி, ஆம், பிறகு கலை வரலாற்றில் உலகப் புகழ் பெற்ற அதே குமாரசுவாமிதான், அப்போது அவர் இலங்கைக் கனிம அளவை திணைக்களத்தின் பணிப்பாளர். அது தோரியனைற்று. தோரியம் மிகுதி, யுரேனியமும் கலந்திருக்கும். பேருவளைக் கடற்கரையின் மொனசைற்று மணலிலும் தோரியம் இருக்கிறது, கூடவே இலந்தனம், சீரியம், பிரசியோடைமியம்.

இந்தப் பெயர்களை மேலே எங்கோ கேட்ட ஞாபகம் வருகிறதா? 141ஆம் குடி! அதேபோல 92ஆம் குடியின் கடைசிப் பேத்தி சிர்க்கோனியம், அது புல்மோட்டை மணலில் சிர்க்கன் என்ற பெயரில் தொன் கணக்கில் கிடக்கிறது. பேருவளையிலும் புல்மோட்டையிலும் இருப்பது யுரேனியம் உடைந்து வந்ததில்லை, பூமி உண்டாகும்போதே வந்தது, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் பயங்கரமான அந்தத் துண்டுகள் ஓடி ஓடிக் கடைசியில் வந்து நிற்கும் உருவம் நாம் காலில் மிதிக்கிற கடற்கரை மணலில் உள்ள அதே மூலகங்கள்தான் என்பதை முதன்முதலில் அட்டவணையில் விரல் வைத்துப் பார்த்த நாளில் நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

இனி இரண்டாவது. யுரேனியம் உடைய நியூத்திரன் வெளியிலிருந்து வரவே வேண்டும் என்றில்லை. 238 எப்போதாவது தானாகவும் பிளக்கும், 1940இல் சோவியத் விஞ்ஞானிகள் பிளெரோவும் பெற்றர்சாக்கும் கண்டுபிடித்தது. மிக அருமையாகத்தான் நடக்கும், யுரேனியம்-238 இருபது இலட்சம் முறை அல்பாத் துணிக்கை விட்டால் (அதுதான் அதன் வழக்கமான தேய்வு) ஒரு முறை அளவில். ஆபிரிக்காவின் கபோன் நாட்டில், ஒக்லோ என்ற இடத்தில், 200 கோடி வருடத்துக்கு முன் மண்ணுக்குள்ளேயே, ஒரு பிளவில் வந்த நியூத்திரன் அடுத்த கருவை உடைக்கிற தொடர்ப்பிளவு நடந்து இயற்கை உலையாக ஓடியிருக்கிறது, 1972இல் பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு யுரேனியத்தில் 235 மூன்று வீதமளவு இருந்ததால் அது முடிந்தது, இன்றைக்கு எந்த மண்ணிலும் தானாக அப்படி மூளாது. அங்கே உண்டான துண்டுகளில் பல இத்தனை காலத்துக்குப் பிறகும் பிறந்த இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை.

நம் மண்ணில் தொடர்ப்பிளவு இல்லை, தனிப் பிளவுதான். சிர்க்கன் மணல்மணி ஒவ்வொன்றிலும் சொற்ப யுரேனியம் அகப்பட்டிருக்கும். அதில் ஒரு கரு என்றைக்கோ ஒரு நாள் உடையும்போது, இரண்டு துண்டும் செக்கனுக்கு 10,000 கிலோமீற்றர் அளவு வேகத்தில் எதிரெதிர்த் திசையில் பாய்ந்து, பளிங்கைக் கிழித்து, ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் நின்றுவிடும். கிழிந்த தடம் அப்படியே இருக்கும். மணியை மெருகிட்டு, உருக்கிய காரத்தில் அரிக்கவிட்டு, நுணுக்குக்காட்டியில் வைத்தால் தலைமயிரைவிட மெல்லிய கீறல்களாகத் தெரியும், ஒவ்வொரு கீறலும் ஒரு யுரேனியக் கரு உடைந்த இடம். புவிச்சரிதவியலாளர்கள் அந்தக் கீறல்களை எண்ணித்தான் கல் குளிர்ந்து எத்தனை கோடி வருடம் என்று கணக்கிடுகிறார்கள். உங்கள் பாடசாலை ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டி வேலை செய்கிற நிலையில் இருந்து, கொழும்புப் பக்கம் யாராவது மாதிரியைத் தயார்செய்து தந்தால், பிள்ளைகளைக் கொண்டு எண்ண வைக்கலாம் சேர். காரத்தை மட்டும் நீங்கள் ஆய்வுகூடத்தில் உருக்க வேண்டாம்.